கிரேக்கத் தெய்வங்களுக்கு வீட்டில் என்ன படைப்பார்கள், எப்படி வேண்டுவார்கள்?

கேள்வி இது: "பழைய கிரேக்கத் தெய்வங்களை இன்றும் சிலர் வீட்டில் வழிபடுகிறார்களாமே. எதைப் படைக்கிறார்கள், எப்படி வேண்டிக்கொள்கிறார்கள்? கோயில், பூசாரி, காளைப் பலி எதுவும் இல்லாமல் ஒரு மேசைமேல் செய்வது உண்மையான கிரேக்க வழிபாடு ஆகுமா, அல்லது வேறு வழியில்லாமல் செய்யும் மாற்று ஏற்பாடா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் விளங்கும். வீட்டு வழிபாட்டைக் கோயில் வழிபாட்டின் சுருக்கம் என்று நினைத்தால் கணக்குத் தப்பிவிடும். காளையும் ஊர்வலமும் ஊர்த் திருவிழாவுக்கு. பழைய கிரேக்கத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் மாதம் முழுக்கத் தெய்வத்தோடு வைத்திருந்த உறவு அடுப்படியிலும் முற்றத்திலும் வாசலிலும்தான் நடந்தது. ஒரு சிட்டிகை சாம்பிராணி, கிண்ணத்தில் கொஞ்சம் ஒயின், தீயில் போடும் ஒரு துண்டு அப்பம், கூடவே வாய்விட்டுச் சொல்லும் நாலு வார்த்தை. வேண்டுதலையும் படையலையும் தனித்தனியாகப் பிரிக்கும் வழக்கம் அவர்களிடம் அதிகம் கிடையாது. கொடுத்துக்கொண்டே பேசுவது, பேசிக்கொண்டே கொடுப்பது, அவ்வளவுதான்.

இதை அவர்களே ஒரு கதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோபாம்பஸ் எழுதியதைப் பல நூற்றாண்டுகள் கழித்துப் போர்ஃபிரி என்ற தத்துவஞானி எடுத்துத் தருகிறார். ஆசியக் கரையில் மக்னீசியா என்ற ஊரில் ஒரு பெரும் பணக்காரர். ஆண்டுதோறும் தெய்வங்களுக்கு வாரி வழங்குபவர். டெல்ஃபிக்குப் போய் அப்போலோவுக்கு மாட்டு மந்தையையே பலி கொடுத்துவிட்டு, "தெய்வங்களை மிகச் சிறப்பாக வழிபடுபவர் யார்?" என்று குறி கேட்டார். தன் பெயர் வரும் என்ற நம்பிக்கை. வந்ததோ ஆர்க்கேடியாவில் மெதித்ரியான் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிளியார்க்கஸ் என்பவரின் பெயர். ஆள் யாரென்று பார்த்துவிடுவோம் என்று இவர் கிளம்பிப் போனார். ஊரின் வறுமையைப் பார்த்ததுமே இளப்பமாகத்தான் தோன்றியது. கிளியார்க்கஸ் சொன்னதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாதப் பிறப்பன்றும் முன்னோர் விட்டுச்சென்ற ஹெர்மிஸ், ஹெக்கட்டே முதலிய சிலைகளைத் துடைத்து, மாலை சூட்டி, சாம்பிராணியும் வாற்கோதுமை மாவும் அப்பமும் படைப்பார். ஊர் விழாக்களில் தவறாமல் கலந்துகொள்வார். மாடு வெட்டும் வசதி இல்லை, கையில் இருப்பதைத் தருவார். ஆனால் உரிய நாளைத் தவறவிட மாட்டார். இவ்வளவுதான் அவர் சொன்னது.

சரி, வீட்டில் எந்தத் தெய்வம் எங்கே இருந்தது? நடுநாயகம் ஹெஸ்தியா. அடுப்புத் தீயே அவள். அவளைப் பற்றிக் கதைகள் மிகக் குறைவு, சண்டை இல்லை, காதல் இல்லை, ஊர் சுற்றல் இல்லை. ஆனால் விருந்தில் முதல் வார்ப்பும் (ஒயினை ஊற்றிப் படைப்பது) கடைசி வார்ப்பும் அவளுக்குத்தான் என்று ஹோமர் பெயரில் வழங்கும் துதிப்பாடல் ஒன்று சொல்கிறது. முற்றத்தில் இருந்தவர் வேலி காக்கும் ஜீயஸ், அதாவது ஜீயஸ் ஹெர்க்கியோஸ். சாமான் அறையில் செல்வம் காக்கும் ஜீயஸ் க்தேசியோஸ். தெருவாசலில் கூம்பு வடிவத் தூணாக அப்போலோ அக்யூயஸ். கதவருகே ஹெர்மிஸ், ஹெக்கட்டே. ஒலிம்பஸ் மலையில் இடி முழக்கும் அதே ஜீயஸ்தான் மளிகை அறையில் பாம்பு உருவிலும் காட்சி தருகிறார். தெஸ்பியாய் என்ற ஊரில் கிடைத்த புடைப்புச் சிற்பம் ஒன்றில் க்தேசியோஸ் என்று பெயர் பொறித்து ஒரு பாம்பைத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

இவை அரசாங்கமே கேட்டு விசாரிக்கும் அளவுக்கு முக்கியமானவை. ஏதென்ஸில் ஆர்க்கான் என்ற உயர் பதவிக்குத் தேர்வானவரிடம் தகுதி விசாரணை நடக்கும். அப்பா யார், எந்த ஊர்ப்பகுதி, அம்மாவின் அப்பா யார் என்ற கேள்விகளை அடுத்து, "உன் குலத்து அப்போலோவும் வேலி காக்கும் ஜீயஸும் உன்னிடம் உண்டா, அவர்களுடைய வழிபாட்டிடம் எங்கே?" என்று கேட்பார்கள். குடும்பக் கல்லறை எங்கே, பெற்றோரை ஒழுங்காக வைத்துக்கொள்கிறாயா, வரி கட்டுகிறாயா என்பவை அதே வரிசையில் வரும். ஆர்க்கானாக வரப்போகிறவரிடம் தெய்வ நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்கவில்லை, வழிபாட்டிடம் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

வீட்டு வழிபாட்டின் உள்ளே எட்டிப்பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல சன்னல் ஒரு சொத்து வழக்கு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரோன் என்பவர் இறந்ததும், மகள் வழிப் பேரன்கள் சொத்துக்கு உரிமை கோருகிறார்கள். எழுதித் தந்தவர் வழக்குரை எழுத்தாளர் இசையோஸ். பேரன்கள் காட்டும் சான்று இது: தாத்தா ஜீயஸ் க்தேசியோஸுக்குப் பலியிடும்போது அடிமைகளையும் சேர்க்க மாட்டார், குடும்பத்துக்கு வெளியே உள்ள சுதந்திரக் குடிமக்களையும் சேர்க்க மாட்டார். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்வார். அந்த இடத்தில் நாங்கள் அவரோடு சேர்ந்து பலிமேல் கை வைத்தோம், சேர்ந்து படைத்தோம். எங்களுக்கு நல்ல உடல்நலமும் நல்ல செல்வமும் தரும்படி அவர் வேண்டினார், தாத்தா என்றால் செய்வார்தானே. வாதம் சட்ட வாதம். ஆனால் உங்கள் கேள்விக்கு இதில் இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, பூசாரி வேண்டியதில்லை, வீட்டுத் தலைவரே செய்வார். இன்னொன்று, வேண்டுதலின் பொருள் ஒளிவுமறைவு இல்லாமல் உலகியல் சார்ந்தது. உடல்நலம், செல்வம்.

பெண்கள் செய்ததற்கு யூரிப்பிடீஸின் நாடகத்தில் ஒரு காட்சி உண்டு. கி.மு. 438-இல் மேடையேறியது. கணவனுக்குப் பதிலாகச் சாக ஒப்புக்கொண்ட அல்கெஸ்திஸ், அந்த நாள் வந்ததும் ஆற்று நீரில் குளிக்கிறாள், தேவதாரு மரப் பேழையிலிருந்து உடையும் நகையும் எடுத்து அணிகிறாள், ஹெஸ்தியாவின் முன் நின்று வேண்டுகிறாள். தன்னைக் காப்பாற்று என்று ஒரு வார்த்தை இல்லை. தாயில்லாப் பிள்ளைகளை வளர்த்துவிடு, மகனுக்கு அன்பான மனைவியும் மகளுக்கு நல்ல கணவனும் அமையட்டும் என்கிறாள். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொரு பலிபீடமாகப் போய் மிர்ட்டில் தழைகளைச் சூட்டுகிறாள். ஒரே வீட்டில் பல பீடங்கள் இருந்ததையும், வீட்டுப் பெண்ணே அவற்றைக் கவனித்ததையும் அந்தக் காட்சியில் பார்க்கலாம்.

இனிச் செய்முறை. முதலில் கை கழுவ வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தலே கிடையாது. கை கழுவாமல் விடியலில் ஜீயஸுக்கு ஒயின் வார்க்காதே, தெய்வங்கள் கேட்க மாட்டார்கள், வேண்டுதலைத் துப்பிவிடுவார்கள் என்று பழங்காலக் கவிஞர் ஹெசியோட் எச்சரிக்கிறார். ஹோமரின் இலியட் காவியத்தில் போர்க்களத்திலிருந்து வரும் ஹெக்டரிடம் அவன் தாய் ஒயின் நீட்டி ஜீயஸுக்கு வார்க்கச் சொல்கிறாள். ரத்தமும் புழுதியும் படிந்த கையோடு முடியாது என்று அவன் மறுத்துவிடுகிறான். பலியின்போது இன்னும் ஒரு படி உண்டு. பலிபீடத்துத் தீயிலிருந்து எரியும் கொள்ளி ஒன்றை எடுத்து நீரில் முக்குவார்கள், அந்த நீரை அங்குள்ளவர்கள்மேல் தெளிப்பார்கள். கெர்நிப்ஸ் என்று பெயர். இன்றைய வழிபாட்டாளர்கள் எரியும் தீக்குச்சியையோ உலர்ந்த பிரியாணி இலையையோ நீரில் முக்கி இதையே செய்கிறார்கள்.

அடுத்தது சாம்பிராணி. அரபு நாட்டுப் பிசின், விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள், ஆனால் ஒரு சிட்டிகைக்கு மேல் தேவைப்படாது. அந்தச் சிட்டிகை எவ்வளவு பழகிய அசைவு என்பதற்கு நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை ஒன்றே போதும். நீதிமன்றப் பைத்தியம் பிடித்த கிழவர் ஒருவர். நாள் முழுக்க வாக்குக் கூழாங்கல்லைப் பிடித்துப் பிடித்து, காலையில் தூங்கி எழும்போதே மூன்று விரலும் சேர்ந்திருக்குமாம், மாதப் பிறப்பன்று சாம்பிராணி போடுகிறவரைப் போல. பார்வையாளர்கள் சிரித்திருக்கிறார்கள் என்றால், அந்த மூன்று விரல் அசைவு ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கிறது என்று பொருள்.

அளவைப் பற்றி இன்னொரு டெல்ஃபிக் கதையும் போர்ஃபிரியிடம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஹெர்மியோனே ஊர்க்காரர் ஒருவர் தன் பையிலிருந்து மூன்று விரலால் மாவு எடுத்துப் படைத்தார். பொன் பூசிய கொம்புள்ள காளைகளைக் கொண்டுவந்த தெசாலியரைவிட இவருடைய படையலே பிடித்திருக்கிறது என்றது குறி. அதைக் கேட்ட உற்சாகத்தில் அவர் பையையே கவிழ்த்து மொத்த மாவையும் தீயில் கொட்டினார். இப்போது முன்பைவிட இரு மடங்கு வெறுப்பு என்று சொல்லிவிட்டாள் டெல்ஃபியில் குறி சொல்லும் பெண்ணான பித்தியா.

பிறகு வார்த்தல். ஒயின் வார்ப்பதற்கென்றே ஃபியாலே என்ற தட்டையான கிண்ணம் இருந்தது. நடுவில் ஒரு குமிழ், அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது குழி. அந்தக் குழிக்குள் விரலை வைத்துக்கொண்டால் ஒரே கையால் சிந்தாமல் சாய்க்கலாம். குவளை ஓவியங்களில் தெய்வங்களே இந்தக் கிண்ணத்தோடு நிற்பதைப் பார்க்கலாம். வார்ப்பில் இரண்டு வகை. ஒலிம்பஸ் தெய்வங்களுக்குக் கொஞ்சம் வார்த்துவிட்டு மிச்சத்தைத் தாங்களே குடிப்பது ஒன்று, ஸ்பொண்டே என்பது அது. இறந்தவர்களுக்கும் நிலத்தடித் தெய்வங்களுக்கும் முழுவதையும் மண்ணில் ஊற்றிவிடுவது இன்னொன்று, கோவே. இந்த வேறுபாடு இன்றும் கவனமாகப் பின்பற்றப்படுகிறது, பின்பற்றவும் வேண்டும். ஒலிம்பியரோடு சேர்ந்து குடிக்கலாம். இறந்தவர்களுக்கு வைத்த கிண்ணத்தில் பங்கு கேட்கக் கூடாது. குடிக்கும் ஒயினில் நீர் கலப்பது அவர்கள் வழக்கம் என்பதால் வார்ப்பதும் பெரும்பாலும் நீர் கலந்ததே. சாப்பாடு முடிந்ததும் அகத்தோஸ் டைமோன் என்ற நல்லாவிக்கு மட்டும் கலப்பில்லாத ஒயினில் ஒரு வாய்.

உணவுப் படையல் எளிது. வாற்கோதுமை மாவு, தேன் சேர்த்த அப்பம், பாலாடைக்கட்டி, அத்திப்பழம், ஒலிவ், தோட்டத்தில் முதலில் காய்த்தது. சாப்பிட உட்காரும் முன் ஒரு துண்டு எடுத்துத் தீயில் போடுவது இலியட்டிலேயே உண்டு. அகிலீஸின் கூடாரத்தில் விருந்தினர் வந்ததும் பத்ரோக்லஸ் அதைத்தான் செய்கிறான். ஒடிசியில் பன்றி மேய்க்கும் யூமையோஸ் சமைத்த இறைச்சியைப் பங்கு பிரிக்கும்போது ஒரு பங்கை நிம்ஃபுகள் என்ற இயற்கைத் தேவதைகளுக்கும் ஹெர்மிஸுக்கும் எடுத்து வைக்கிறான்.

இறைச்சிப் பலி வேறு விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். தொடை எலும்பையும் கொழுப்பையும் எரித்துவிட்டு இறைச்சியை மனிதர்கள் சாப்பிடுவார்கள். புரோமீதியஸ் ஜீயஸை ஏமாற்றிப் பங்கு பிரித்த கதை இதற்குத்தான் சொல்லப்பட்டது. இந்தப் பங்கீடு நியாயமா என்ற உறுத்தல் அவர்களுக்கே இருந்தது. கி.மு. 316-இல் மேடையேறிய மெனாண்டரின் நகைச்சுவை நாடகத்தில் ஒரு முசுட்டுக் கிழவன், பலி கொடுக்கப் பாயும் ஜாடியுமாக வருகிறவர்களைப் பார்த்துத் திட்டுகிறான்: இதெல்லாம் தெய்வத்துக்கா, உங்களுக்கா? சாம்பிராணியும் அப்பமும் வைத்தால் பக்தி, மொத்தமும் தீக்குப் போகிறது, தெய்வத்துக்குப் போய்ச் சேருகிறது. இவர்களோ தின்ன முடியாத வால் நுனியையும் பித்தப்பையையும் தெய்வத்துக்கு வைத்துவிட்டு மற்றதை விழுங்குகிறார்கள். சிறிய வீட்டுப் படையலுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடையாது என்பேன்.

படையல்களில் தனித்து நிற்பது ஜீயஸ் க்தேசியோஸின் ஜாடி. இரண்டு கைப்பிடியுள்ள புது ஜாடி, மூடியோடு. கைப்பிடிகளில் வெள்ளைக் கம்பளி சுற்ற வேண்டும். உள்ளே தூய நீர், ஒலிவ எண்ணெய், பலவகைப் பழமும் தானியமும் சேர்ந்த கலவை. அதை அம்புரோசியா என்று அழைத்தார்கள், தெய்வங்களின் உணவுக்கு உள்ள அதே பெயர். ஜாடியைச் சாமான் அறையில் வைத்துவிடுவார்கள். சிலை எதுவும் வேண்டியதில்லை, ஜாடியே தெய்வம் இருக்கும் இடம். இன்று பலர் மாதக் கடைசியில் பழைய கலவையைத் தோட்டத்து மண்ணில் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவிப் புதிதாக நிரப்புகிறார்கள். சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்கு நடுவே இதை வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. அந்தத் தெய்வத்தின் வேலையே அங்கேதான்.

இனி வேண்டுதல். கிரேக்க வேண்டுதலுக்கு ஒரு கட்டமைப்பு உண்டு, அதற்கு மாதிரி இலியட்டின் தொடக்கத்திலேயே கிடைக்கிறது. மகளைப் பறிகொடுத்த பூசாரி கிரைசஸ் கடற்கரையில் அப்போலோவிடம் முறையிடுகிறார். முதலில் அழைப்பு: வெள்ளி வில்லோனே, கேள், கிரைசேயையும் கில்லாவையும் காப்பவனே, டெனடோஸை ஆள்பவனே, ஸ்மிந்தியஸே. எந்தப் பெயர், எந்த ஊர், எந்தக் குணம் என்று அடையாளம் சொல்லிக் கூப்பிடுகிறார். அடுத்து உரிமை: நான் எப்போதாவது உனக்குப் பிடித்தபடி கோயிலுக்குக் கூரை வேய்ந்திருந்தால், காளை, ஆட்டின் கொழுத்த தொடைகளை எரித்திருந்தால். மூன்றாவதாகத்தான் கோரிக்கை, அதுவும் ஒரே வாக்கியம்: என் கண்ணீருக்கு உன் அம்புகளால் தானாயர்கள் (கிரேக்கர்கள்) விலை கொடுக்கட்டும்.

நடுப்பகுதியைக் கவனியுங்கள். "நான் செய்திருக்கிறேன்" என்பது ஒரு வழி. "நீ முன்பு எனக்கு உதவியிருக்கிறாய், அதனால் இப்போதும் வா" என்பது இன்னொரு வழி, சாஃபோ அஃப்ரோடைட்டியை அழைக்கும் பாடலில் அப்படித்தான் வருகிறது. "இனிமேல் தருகிறேன்" என்று நேர்ந்துகொள்வது மூன்றாவது. மூன்றிலும் அடிநாதம் ஒன்றே. முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்கவில்லை, ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் உள்ள ஒருவரிடம் கேட்கிறேன். அந்த இருவழி நன்றியுணர்வுக்குக் கரிஸ் என்று பெயர். அதனால்தான் ஒன்றும் கேட்காத நாட்களில் போடும் சாம்பிராணிக்கு மதிப்பு அதிகம். தேவை வரும்போது மட்டும் பெரிய படையலோடு வருகிறவரிடம் சொல்லிக்கொள்ள நடுப்பகுதி இருக்காது.

நின்றுகொண்டு, உரக்கச் சொல்ல வேண்டும். ஒலிம்பியருக்குக் கைகளை உயர்த்தி உள்ளங்கை வானம் பார்க்க, கடல் தெய்வங்களுக்குக் கடலை நோக்கிக் கை நீட்டி, நிலத்தடியில் உள்ளவர்களுக்குக் கையைத் தரையை நோக்கி. இலியட்டில் ஒரு தாய் பாதாளத் தெய்வங்களைக் கூப்பிடத் தரையையே கையால் அறைகிறாள். மண்டியிடுவது பொதுவழக்கம் இல்லை, இக்கட்டில் கெஞ்சுகிறவர்கள் செய்வது. வாய்க்குள் முணுமுணுப்பதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள், யாருக்காவது கெடுதல் கேட்கிறானோ என்று. தூபம், படையல் என்றதும் நம் வீட்டுப் பூசையறையை மனதில் கொண்டுவந்தால், இந்த இடத்தில் படம் மாறிவிடும். கூப்பிய கையும் மூடிய கண்ணும் இங்கே கிடையாது.

"இது லஞ்சம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிளேட்டோவே கேட்டார். யூத்திஃப்ரோ என்ற உரையாடலில் சாக்ரடீஸ், அப்படியானால் பக்தி என்பது தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் இடையே நடக்கும் வியாபாரமா என்று மடக்குகிறார். என் கருத்தில் அந்தக் கேள்வி கூர்மையானது, ஆனால் வழக்கத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. வியாபாரத்தில் கணக்கு முடிந்தால் உறவு முடியும், இங்கே கணக்கை முடிக்காமல் வைத்திருப்பதுதான் நோக்கம். ஹெசியோட் இதில் கூச்சமே படுவதில்லை. படுக்கப் போகும்போதும் வெளிச்சம் வரும்போதும் வார்ப்பும் தூபமும் கொடு, அப்போதுதான் நீ அடுத்தவன் நிலத்தை வாங்குவாய், அவன் உன் நிலத்தை வாங்க மாட்டான் என்கிறார். அந்தப் பக்கம் சாக்ரடீஸ் ஆற்றங்கரையில் பான் என்ற தெய்வத்திடம் வேண்டும்போது, உள்ளே அழகு தா, அறிவுடையவனைச் செல்வந்தன் என்று நான் எண்ண வேண்டும், அளவறிந்தவன் தூக்கிச் செல்லக்கூடிய அளவு பொன் போதும் என்கிறார். இரண்டும் கிரேக்க வேண்டுதலே. சொற்கள் நீளமாக இருக்கவும் தேவையில்லை. ஏதென்ஸ்காரர்களின் மழை வேண்டுதலை ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ் குறித்து வைத்திருக்கிறார்: பெய், பெய், அன்பு ஜீயஸே, ஏதெனியரின் வயல்மேலும் சமவெளிமேலும். வேண்டினால் இப்படி எளிமையாக வேண்டு, இல்லாவிட்டால் வேண்டாதே என்பது அவர் தீர்ப்பு.

எப்போது செய்வது என்பதற்கு மாதம்தான் சட்டகம். நாட்காட்டி நிலவைப் பின்பற்றியது, நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கும். நிலவில்லாத மாதக் கடைசி நாளில் ஹெக்கட்டேயின் இரவுணவு. வீட்டைப் பெருக்கி, முச்சந்தியில் உணவு வைத்துவிட்டு வருவார்கள். வசதி உள்ளவர்கள் கீழே வைப்பதற்கு முன்பே ஏழைகள் அதைப் பறித்துக்கொள்கிறார்கள் என்று அரிஸ்டோஃபனீஸ் கேலி செய்திருக்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு இன்று பலர் அந்த நாளில் உணவு வங்கிக்கோ பசித்தவர்களுக்கோ கொடுக்கிறார்கள். பொருத்தமான மாற்றம். மறுநாள் மாதப் பிறப்பு, நூமீனியா. சிலைகளைத் துடைத்து, புது மாலை போட்டு, சாம்பிராணி இடும் நாள். இரண்டாம் நாள் அகத்தோஸ் டைமோனுக்கு. பிறகு நான்காம் நாள் ஹெர்மிஸ், அஃப்ரோடைட்டி, ஆறாம் நாள் ஆர்ட்டிமிஸ், ஏழாம் நாள் அப்போலோ, எட்டாம் நாள் பொசைடன் என்று ஏதென்ஸில் போகும். புதிதாகத் தொடங்குபவர் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். மாதம் திரும்பும் அந்த மூன்று நாளைப் பிடித்தால் போதும்.

"அடுப்புத் தீயே இல்லாத அடுக்குமாடி வீட்டில் எப்படி?" என்று அடுத்துக் கேட்பீர்கள். கி.மு. 348-இல் மக்கெதோனிய மன்னர் இரண்டாம் பிலிப் அழித்த ஒலிந்தோஸ் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் தரையில் கட்டிய நிலையான அடுப்பு இல்லை. தூக்கிச் செல்லும் கரி அடுப்பைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். கையில் எடுத்து நகர்த்தக்கூடிய சிறிய பலிபீடங்களும் கிடைத்தன. ஹெஸ்தியா அன்றைக்கே இடம் மாறிக்கொண்டிருந்தாள். ஒலிவ எண்ணெய் விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்றி அதை அவளுடைய தீயாகக் கொள்வதில் நான் எந்தச் சமரசத்தையும் பார்க்கவில்லை.

இந்த வழக்கம் எங்கே அறுந்தது என்பதும் வீட்டைப் பற்றிய செய்திதான். கோயில்களையும் பலியையும் தடுக்கும் சட்டங்கள் கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 392 நவம்பர் 8-ஆம் தேதி ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பெயரில் வந்த சட்டம் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. வீட்டுத் தெய்வத்துக்குத் தீ, காவல் ஆவிக்கு ஒயின், விளக்கு ஏற்றுவது, தூபம் இடுவது, மாலை தொங்கவிடுவது எல்லாம் குற்றம். அது பட்டியலிடும் தெய்வங்கள் ரோமானிய வீட்டுத் தெய்வங்கள், ஆனால் கிரேக்க வீடுகளையும் அதே சட்டம் கட்டுப்படுத்தியது. இவ்வளவு சிறிய படையல்களைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது என்றால், அவை எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும்!

இன்று இருப்பது தொடர்ந்து வந்த மரபு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அறுந்ததை நூல்கள், கல்வெட்டுகள், தொல்லியல் கொண்டு மீட்டுக் கட்டியதே இது. கிரேக்கத்தில் 1997-இல் தொடங்கிய 'இனக் கிரேக்கர்களின் உயர் மன்றம்' நீண்ட காலம் போராடியது, 2017-இல் கிரேக்க அரசு அதை 'அறியப்பட்ட சமயம்' என்ற வகையில் ஏற்றது. அமெரிக்காவில் ஹெல்லெனியான் என்ற அமைப்பு 2001 முதல் இயங்குகிறது. ஆனால் பெரும்பாலோர் தனியாக, வீட்டில்தான் செய்கிறார்கள். மலை உச்சியில் வெள்ளை உடையோடு எடுக்கும் படங்களைப் பார்த்து இதை எடைபோட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் "இந்தத் தெய்வத்துக்கு இந்த நிற மெழுகுவத்தி, இந்தக் கல், இந்தத் தேநீர்" என்று அட்டவணைகள் சுற்றுகின்றன. அவற்றில் பெரும்பகுதிக்குப் பழைய கிரேக்கத்தில் வேர் இல்லை, பிற்கால மந்திரவாத நூல்களின் பழக்கம் அது. தவறான படையலை வைத்தால் தெய்வம் கோபிக்குமோ என்று பயந்துகொண்டே இருப்பதையும் கிரேக்கர்கள் மெச்சவில்லை. எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கும் மூடபக்தனைத் தியோஃபிராஸ்டஸ் கேலிச் சித்திரமாகவே வரைந்துவிட்டார். சாம்பிராணி, நீர், ஒயின், மாவு, பழம், எண்ணெய். இவற்றை ஏற்காத தெய்வம் மிகக் குறைவு.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். கை கழுவுங்கள். விளக்கேற்றி ஹெஸ்தியாவுக்கு முதல் வார்த்தையும் முதல் துளியும். பிறகு அன்றைய தெய்வத்தைப் பெயர் சொல்லி அழைத்து, சாம்பிராணி இட்டு, கொஞ்சம் வார்த்து, ஏன் அவரிடம் வருகிறீர்கள் என்று சொல்லி, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கேட்க ஒன்றும் இல்லாவிட்டால் நன்றி சொல்லி நிறுத்துங்கள். மறுபடி ஹெஸ்தியாவோடு முடியுங்கள். மண் தரை இல்லாத வீட்டில் ஒரு கிண்ணத்துக்குள் வார்த்து, பிறகு அதை மரத்தடியிலோ பூந்தொட்டியிலோ ஊற்றிவிடலாம். சாக்கடைத் தொட்டியில் கொட்ட எனக்கு மனம் வராது. தீயில் போட முடியாத உணவைச் சற்று நேரம் வைத்திருந்து, ஒலிம்பியருக்கு என்றால் நீங்களே சாப்பிடலாம், இறந்தவர்களுக்கு என்றால் மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மது தொடாத வீடு என்றால் தயங்க வேண்டியதில்லை. ஒயின் சேராத வார்ப்பு கிரேக்க மரபிலேயே இருக்கிறது, நெஃபாலியா என்பார்கள். ஏதென்ஸில் சூரியன், நிலா, விடியல், நினைவாற்றலின் தெய்வம் நிமோசினே, நிம்ஃபுகள் முதலியோருக்கு அப்படித்தான் வார்த்தார்கள். சோஃபோக்ளீஸின் நாடகத்தில் கொலோனஸ் வந்துசேரும் கண்ணிழந்த எடிப்பஸுக்கு ஊர்ப் பெரியவர்கள் முறை சொல்லித் தருகிறார்கள்: ஊற்றிலிருந்து நீர் எடு, கிண்ணங்களுக்குக் கம்பளி சுற்று, கிழக்கு நோக்கி நின்று ஊற்று, கடைசிக் கிண்ணத்தில் நீரும் தேனும், ஒயின் சேர்க்காதே, அதை முழுவதும் கவிழ்த்துவிடு.